இயற்றிய ஸ்டடியைச் சரிபார்க்க எது போதும்: ஃபோனா, சொந்தக் கம்ப்யூட்டரா, வாடகை சர்வரா?

எண்ட்கேம் ஸ்டடி (ஒரு நிலையைக் கொடுத்து, வெள்ளை ஜெயிக்கும் அல்லது டிரா செய்யும் ஒரே வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் செஸ் புதிர்) இயற்றத் தொடங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். யோசனை பிடிபட்டுவிட்டது, காய்களை வைத்தாயிற்று, வெள்ளை ஜெயிக்கிறது என்று கைக்கணக்கும் சொல்கிறது. இதைச் சரிபார்க்கக் கையில் இருக்கும் ஃபோனே போதுமா? ரிச்சி தெருவுக்குப் போய் எஸ்எஸ்டி வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்ய வேண்டுமா? கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் நடக்காதா? இல்லை, மணிக்கணக்கில் சர்வரை வாடகைக்கு எடுப்பதுதான் சரியா? வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் செஸ் ஆடுகிற பிள்ளைகளும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் இந்த நாலு வழிகளுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

பணத்தை எடுப்பதற்கு முன் பலகையில் இருக்கும் காய்களை எண்ணுங்கள், ராஜாக்களையும் சிப்பாய்களையும் சேர்த்து. ஏழும் அதற்குக் கீழும் ஒரு உலகம். எட்டும் அதற்கு மேலும் வேறு உலகம். கீழே வரும் எல்லாம் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான்.

## எதைச் சரிபார்க்கிறோம்

ஸ்டடி இரண்டு வாக்குகளைக் கொடுக்கிறது. ஒன்று, 'வெள்ளை ஆடி ஜெயிக்கும்' அல்லது 'டிரா செய்யும்' என்று மேலே எழுதியிருப்பது உண்மை. இரண்டு, அதற்கு வெள்ளைக்கு ஒரே வழிதான் உண்டு. நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் மென்பொருளான இஞ்சின் பிறந்தது ஆட்டத்தில் ஜெயிக்க. நல்ல நகர்வு ஒன்று கிடைத்ததும் அதன் வேலை முடிந்தது. நமக்கோ அங்கேதான் வேலை தொடங்குகிறது, ஏனென்றால் இன்னொரு நல்ல நகர்வு இல்லை என்பதைக் காட்ட வேண்டும். இஞ்சின் முதல் வரியில் காட்டும் நகர்வையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பாதிப் பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள்.

குறைகள் மூன்று வகை. கறுப்புக்குத் தப்பும் வழி இருந்தால் ஸ்டடி நிற்காது. இயற்றியவர் நினைக்காத இன்னொரு தீர்வு வெள்ளைக்கு இருந்தால் அது குக். பெரும்பாலான ஸ்டடிகள் சாவது இதில்தான். நடுவில் ஏதோ ஓரிடத்தில் இரண்டு நகர்வுகள் பலித்தால் டூயல். டூயல் முக்கிய வரியில் இருந்தால் பெரிய குறை, கிளை வரியில் இருந்தால் பெரும்பாலும் மன்னிக்கப்படும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது குறைபோலத் தோன்றும், ஆனால் குறையல்ல: சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும் நகர்வு. 1895இல் வந்த சாவேத்ராவின் புகழ்பெற்ற நிலையை வைத்துப் பார்க்கலாம். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. தீர்வு (ரா என்பது ராஜா, யா என்பது யானை, + என்பது செக்): 1. சி7 யா டி6+ 2. ரா பி5 யா டி5+ 3. ரா பி4 யா டி4+ 4. ரா பி3 யா டி3+ 5. ரா சி2 யா டி4! 6. சி8=யானை!. ராணி எடுத்தால் 6... யா சி4+ 7. ராணி வெட்டினால் ஸ்டேல்மேட். இதை டேபிள்பேஸில் (குறைந்த காய்கள் உள்ள நிலைகள் ஒவ்வொன்றுக்கும் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் தொகுப்பில்) ஏற்றினால் நான்காவது நகர்வில் ரா பி3 மட்டுமல்ல, ரா சி3, ரா பி5 இரண்டும் ஜெயிப்பதாக வரும். ரா பி5 வெறும் சுற்று: யா டி5+ என்றதும் பழைய நிலையே திரும்பி வந்துவிடுகிறது. ரா சி3 வேறு ரகம்: 4... யா டி1 5. ரா சி2 யா டி4 என்று அதே முக்கிய நிலைக்கு இன்னொரு சந்து வழியாக வந்து சேருகிறது. முன்னது நேரம் வீணாக்குவது, பின்னது சிறிய டூயல். கருவி இரண்டுக்கும் ஒரே முத்திரைதான் குத்தும். பிரித்துப் பார்ப்பது மனிதர் வேலை. புதிதாக வருபவர்கள் முதலில் இந்த நாலு காய் நிலையை ஏற்றி, நகர்வுக்கு நகர்வு நின்று பார்த்துவிட்டுத் தங்கள் ஸ்டடிக்குப் போவது நல்லது.

## எந்த அளவுகோல்களால் ஒப்பிடுவது

உறுதி. கிடைப்பது நிரூபணமா, அபிப்பிராயமா? டேபிள்பேஸ் சொல்வது நிரூபணம். வெள்ளைக்கு இவ்வளவு சாதகம் என்று இஞ்சின் போடும் +4.5 போன்ற மதிப்பெண் அபிப்பிராயம்.

இரண்டாவது நகர்வு. பல வரிகளை ஒரே நேரத்தில் காட்டவும், குறிப்பிட்ட நகர்வை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் தேடவும் முடிகிறதா?

அசையாத நிலைகள். எதிரி எவ்வளவு பலமாக இருந்தாலும் உள்ளே நுழைய முடியாத தற்காப்பான கோட்டை, நகர்த்தினாலே நஷ்டம் என்ற ஜூக்ஸ்வாங். ஸ்டடிகளின் உயிரே இவற்றில் இருக்கிறது, இஞ்சின்கள் சறுக்குவதும் இங்கேதான்.

தொடர் ஓட்டம். ஒரு நிலையை ராத்திரி முழுக்க ஓடவிட முடியுமா? சூடு, கரண்ட், நெட் மூன்றும் இதில் சேரும்.

மொத்தச் செலவு. வாங்கும் விலை மட்டுமல்ல, மாதாமாதம் போவதும்.

மறுபடி காட்டுதல். போட்டி நடுவர் கேட்டால் அதே முடிவை இன்னொரு கம்ப்யூட்டரில் வரவழைக்க முடிகிறதா?

## டேபிள்பேஸ் பற்றி அவசியம் தெரிய வேண்டியவை

இப்போது எல்லோரும் பயன்படுத்துவது ரொனால்ட் டி மான் 2013இல் வெளியிட்ட சிசிஜி வடிவம். ஐந்து காய் வரைக்கும் சுமார் 1 ஜிபி. ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிபி. ஏழு காய் தொகுப்பு 2018இல் முடிந்தது, கிட்டத்தட்ட 17 டெராபைட். அது வீட்டுக்கு வராது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இதில் இரண்டு வகைக் கோப்புகள். ஒன்று ஜெயமா, டிராவா, தோல்வியா என்று மட்டும் சொல்லும். மற்றது, அடுத்து ஒரு காயை வெட்டவோ சிப்பாயை நகர்த்தவோ எத்தனை நகர்வு தூரம் என்று சொல்லும். இஞ்சின் தேடும்போது ஓயாமல் புரட்டுவது முதல் வகையைத்தான். அதனால் ஆறு காயின் முதல் வகைக் கோப்புகள், ஏறக்குறைய 68 ஜிபி, எஸ்எஸ்டியில் இருந்தால் போதும். இரண்டாவது வகை பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடக்கலாம். எஸ்எஸ்டிக்கு ஆகும் காசில் பாதி இதனாலேயே மிச்சம்.

வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஐம்பது நகர்வு போனால் டிரா கேட்கலாம் என்ற ஐம்பது நகர்வு விதி ஸ்டடிகளுக்குப் பொருந்தாது. வேறு விதமாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, செஸ் இயற்றலுக்கான சர்வதேச விதித்தொகுப்பு அதைத் தெளிவாகவே சொல்கிறது. இது வெறும் சட்டப் பேச்சு அல்ல. ஒரு குதிரைக்கு எதிரே இரண்டு பிஷப் என்ற முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் கிளிங்கும் ஹார்விட்ஸும் காட்டிய தற்காப்பை நம்பி, இது டிரா என்று உலகம் நூற்றுமுப்பது வருஷத்துக்கும் மேலாக இருந்தது. 1983இல் கென் தாம்சனின் கம்ப்யூட்டர், பொதுவாக இது ஜெயம், சில நிலைகளில் 66 நகர்வு வரைக்கும் ஆகும் என்று காட்டியது. அந்த 'டிரா'வை நம்பி இயற்றிய ஸ்டடிகள் ஒரே வீச்சில் விழுந்தன. இஞ்சினில் ஐம்பது நகர்வு விதி அமலில் இருந்தால் இப்படிப்பட்ட நீண்ட ஜெயத்தை அது இன்றைக்கும் 0.00 என்றுதான் காட்டும். நீங்களும் குக் இல்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள்.

## வழி 1: ஃபோனும் இணைய டேபிள்பேஸும்

லிசெஸ் என்ற இலவச செஸ் தளத்தின் பகுப்பாய்வுப் பலகையில் நிலையை ஏற்றி, டேபிள்பேஸ் பகுதியைத் திறந்தால் போதும். ஏழு காய் வரைக்கும் சட்டப்படி சாத்தியமான ஒவ்வொரு நகர்வுக்கும் ஜெயம், டிரா, தோல்வி என்று பட்டியலே வரும். கணக்குத் தொடங்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஐம்பது நகர்வு விதியால் தடைபடும் ஜெயத்தைத் தனியாகக் குறித்திருப்பார்கள். ஸ்டடிக்கு அதை முழு ஜெயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு காய்க்குள் அடங்கும் ஸ்டடிக்கு இதுதான் கடைசித் தீர்ப்பு. லட்ச ரூபாய்க் கம்ப்யூட்டரும் இதற்குமேல் ஒரு எழுத்துச் சேர்க்காது. இயற்றப் பழகுகிறவர்கள் மினியேச்சர் என்று சொல்லப்படும், ஏழு காய்க்குள் அடங்கும் ஸ்டடிகளிலேயே முதல் ஒரு வருஷத்தைக் கழித்தால் காசும் மிச்சம், கையும் தேறும்.

மறைந்திருக்கும் செலவு காய் எட்டைத் தொட்டதும் தெரியும். பிரவுசருக்குள் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் இஞ்சினுக்கு நினைவகம் குறைவு. வேறு ஆப்புக்குப் போனால் தேடல் நின்றுவிடும். பத்து நிமிஷம் முழு வேகத்தில் ஓடினால் ஃபோன் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எத்தனை நகர்வு முன்னே பார்க்கிறது என்று காட்டும் ஆழ எண் அப்படியே நிற்கும்போது 'இஞ்சின் முடிவு செய்துவிட்டது' என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. டிராய்ட்ஃபிஷ் ஆப்பில் ஐந்து காய் டேபிள்பேஸை ஃபோனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாத இடத்துக்கு உதவும்.

இன்னொன்று: டேபிள்பேஸ் எதிலும் காஸ்லிங் கிடையாது. தீர்வில் காஸ்லிங் வரும் ஸ்டடியானால், ஏழே காயாக இருந்தாலும் அந்தக் கிளையை இஞ்சினில்தான் பார்க்க வேண்டும்.

## வழி 2: சொந்தக் கம்ப்யூட்டரில் ஸ்டாக்ஃபிஷ், ஆறு காய் டேபிள்பேஸ்

எட்டு முதல் பதினைந்து காய் வரைக்கும் இயற்றுபவருக்கு இதுதான் சரியான இடம். ஸ்டாக்ஃபிஷ் இலவசம். நாலு கோர், 8 ஜிபி ராம், காலியாக 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் தொடங்கலாம். 16 ஜிபி ராம் இருந்தால் வசதி. அரசு தந்த பழைய விலையில்லா லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஐந்து காய் தொகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கே பலன் தெரியும்.

பதிவிறக்கும்போதே ஒரு தப்பு நடக்கும். ஸ்டாக்ஃபிஷ் பல கட்டமைப்புகளில் வருகிறது. பழைய பிராசஸரில் புதிய கட்டமைப்பைப் போட்டால் திறந்த உடனே மூடிக்கொள்ளும், காரணமும் சொல்லாது. அப்போது அதற்கு ஒரு படி கீழே உள்ள கட்டமைப்பை எடுத்தால் ஓடும்.

150 ஜிபியை இறக்குவதே ஒரு வேலை. நொடிக்கு 100 மெகாபிட் ஃபைபரில் குறைந்தது மூன்று மணி இருபது நிமிஷம், நடைமுறையில் ஒரு ராத்திரி. தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவில் 75 நாள், ஆகவே அதை மறந்துவிடலாம். ஃபைபர் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இறக்கி எஸ்எஸ்டியில் கொண்டுவருவதுதான் விவேகம். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். அங்கே எஸ்எஸ்டி வாங்கும்போது பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். நம்ப முடியாத மலிவு விலையில் வரும் '1 டெராபைட்' பென்டிரைவுகளில் பல பொய்க் கொள்ளளவு. எழுதும்போது ஏற்றுக்கொள்ளும், படிக்கும்போது குப்பையாகத் தரும். அப்படிக் கெட்டுப்போன ஒரு டேபிள்பேஸ் கோப்பு தவறான தீர்ப்பையே சொல்லக்கூடும். இறக்கி முடித்ததும் கோப்புகளோடு தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்களை ஒருமுறை ஒப்பிட்டே ஆகவேண்டும்.

அமைப்புகள் இப்படி:

1. ஹாஷ் (இஞ்சின் ஏற்கெனவே பார்த்ததை ராமில் நினைவு வைக்கும் இடம்) அளவு மொத்த ராமில் பாதிக்கு மேல் வேண்டாம். 8 ஜிபி ராமுக்கு 2048 முதல் 4096 எம்பி, 16 ஜிபிக்கு 8192. அதிகம் வைத்தால் விண்டோஸ் டிஸ்க்கைப் புரட்டத் தொடங்கி எல்லாமே ஊர்ந்துபோகும்.
2. திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்) எண்ணிக்கை, இருக்கும் கோரில் ஒன்று குறைவாக.
3. டேபிள்பேஸ் பாதையைக் கொடுத்ததும் இஞ்சின் எத்தனை கோப்பு கண்டது என்று ஒரு வரி சொல்லும். ஐந்து காய் வரை 145, ஆறு காய் வரை 510. இந்த எண் வராவிட்டால் ஏதோ கோப்பு விடுபட்டிருக்கிறது. பாதை தவறு என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் டேபிள்பேஸ் இல்லாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு.
4. ஐம்பது நகர்வு விதித் தேர்வை அணைத்துவிடுங்கள்.
5. நிலையை ஏற்றும் எழுத்துவரியின் (ஃபென்) கடைசி இரண்டு எண்கள் 0, 1 என்று இருக்கட்டும். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் நகர்வுகள் கூடக்கூட ஸ்டாக்ஃபிஷ் தன் மதிப்பீட்டைத் தானாகக் குறைத்துக்கொண்டே வரும். நீண்ட தீர்வின் நடுவில் +3 என்பது +1 ஆகச் சரிந்தால் பதறாதீர்கள், அந்த நிலையைப் புதிதாகப் பூஜ்யத்திலிருந்து ஏற்றிப் பாருங்கள்.

சரிபார்க்கும் வரிசை முக்கியம். தொடக்க நிலையில் இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது வீண். தீர்வின் கடைசி நிலைக்குப் போய் அங்கிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கி வாருங்கள். கடைசியில் கண்டது ஹாஷில் தங்கியிருப்பதால், முன்னால் வரும் நிலைகளில் இஞ்சின் அதே வரியைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வெள்ளையின் ஒவ்வொரு முறையிலும் மல்டிபிவி எண்ணை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை வரிகளைக் காட்ட வேண்டும் என்பதை, 3 அல்லது 4 ஆக வையுங்கள். ஜெயிக்கும் ஸ்டடியில் இரண்டாவது வரி 0.00க்குப் போய் அங்கேயே நின்றால் நல்லது. +0.5க்கும் +3க்கும் நடுவே தொங்கினால் அதுதான் ஆபத்துப் பகுதி: அந்த நகர்வைப் பலகையில் ஆடிவிட்டு, கறுப்பின் சிறந்த பதிலையும் ஆடி, உள்ளே இறங்கிப் பாருங்கள். ஏழு காய்க்கு இறங்கியதும் இணைய டேபிள்பேஸ் தீர்ப்புச் சொல்லிவிடும். +199, +200 போன்ற எண் வந்தால் அது இஞ்சினின் மதிப்பீடு அல்ல, டேபிள்பேஸ் ஜெயம்.

மல்டிபிவி நேரத்தைத் தின்னும். ஆகவே சந்தேகமான இடங்களில் முக்கிய நகர்வை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலான செஸ் மென்பொருளில் 'அடுத்த சிறந்த நகர்வு' என்ற வசதி இதைத்தான் செய்கிறது. ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியது இந்தத் தேடலைத்தான், தீர்வு நகர்வை அல்ல. பிறகு கறுப்பின் முறைகளிலும் இதே வேலை. நாம் எழுதாத தற்காப்பு எதுவும் தப்பவிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எங்கே தவறும்? இஞ்சின் வேகமாக ஆழம் போவதற்குக் காரணம், பயனற்றதாகத் தோன்றும் நகர்வுகளை அது அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தள்ளுவது. 'ஒரு முறை நகர்த்தாமல் விட்டாலும் நான் நன்றாக இருக்கிறேனா' என்று சோதித்துக் கிளைகளை வெட்டுவதும் அதன் பழக்கம். ஜூக்ஸ்வாங்கில் நகர்த்தாமல் விடுவதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. ஆகவே அந்தச் சோதனை அங்கே பொய்யாகிறது. ஸ்டாக்ஃபிஷில் இதற்குத் தடுப்புகள் உண்டு, ஆனாலும் காய்கள் நிறைந்த ஜூக்ஸ்வாங்கில் நிஜமான மதிப்பு வர நேரமாகும். கைமருந்து எளிது: அந்த நிலையை நீங்களே பலகையில் வைத்து, அங்கிருந்து தேடவிடுங்கள். நேராகப் பலகையில் இருக்கும் நகர்வுகளை அது அவ்வளவு சுலபமாகத் தள்ளாது.

கோட்டை விஷயத்தில் எண்ணை நம்பவே கூடாது. வெள்ளைக்கு +5 என்று காட்டும், ஆழம் 30லிருந்து 50க்குப் போகும், +5 அப்படியே இருக்கும். நிஜ ஜெயமானால் ஆழம் கூடக்கூட எண் ஏறும், அல்லது மேட் தெரியும். எண் அசையாமல் நின்றால் கோட்டை என்று சந்தேகப்படுங்கள். இஞ்சினை அதனோடேயே முப்பது நாற்பது நகர்வு ஆடவிட்டு, முன்னேற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் கிடைப்பது பலமான சந்தேகம் மட்டுமே. கோட்டையில் முடியும் டிரா ஸ்டடிக்கு, வெள்ளை ராஜா எந்தெந்தக் கட்டங்களுக்குள் சுற்றினால் போதும், கறுப்பின் எந்த உடைப்புக்கு எது பதில் என்று சொற்களில் எழுதிவைப்பதே நிரூபணம்.

மறைசெலவுக்கு வருவோம். 150 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் ஒரு நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 216 யூனிட். இலவச யூனிட்டுகள் வீட்டு உபயோகத்துக்கே போய்விடும். மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடும். ஆகவே இடைவிடாமல் ஓட்டாமல், சந்தேகப் பட்டியலை மட்டும் ராத்திரியில் ஓட்டுவது நல்லது. மே மாத வெயிலில் மூடிய அறையில் லேப்டாப் சூடாகி வேகம் பாதியாகும். நொடிக்கு எத்தனை நிலை பார்க்கிறது என்ற எண்ணைக் கவனித்தால் தெரிந்துவிடும். காசிமேடு, எண்ணூர் பக்கம் கடல் காற்றின் உப்பு ஃபேனிலும் உலோகத் தகடுகளிலும் படியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஹாஷில் சேர்ந்ததெல்லாம் போச்சு. யூபிஎஸ் சில நிமிஷம்தான் தாங்கும், அதற்குள் வரிகளைக் கோப்பில் சேமித்துவிட வேண்டும்.

## வழி 3: கிராஃபிக்ஸ் கார்டும் லீலாவும்

லீலா செஸ் ஜீரோ வேறு வகை இஞ்சின். நரம்பு வலைப்பின்னல் எந்த நகர்வு நல்லதாகத் தோன்றுகிறது என்று முன்கூட்டியே எடைபோட்டு, அதன்படி நேரத்தைப் பங்கிடும். ஆட்டத்தில் அபாரம். ஸ்டடியின் திறவுகோலோ பார்த்தால் அபத்தமாகத் தோன்றும் நகர்வு: யானையாகவோ குதிரையாகவோ மாறும் சிப்பாய், மூலைக்கு ஓடும் ராஜா, கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுப்பது. வலைப்பின்னல் இவற்றுக்கு மிகச் சிறிய எடையே தரும், அப்புறம் திரும்பியும் பார்க்காது. பிளாஸ்கெட் புதிர் என்று பேர்பெற்ற 1970களின் ஸ்டடியை வைத்து இரண்டு இஞ்சின்களையும் ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த ஆய்வில் ஸ்டாக்ஃபிஷ்தான் முந்தியது.

அதனால் சரிபார்ப்புக்காகவே கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. கேம் ஆடவோ வீடியோ வேலைக்கோ வீட்டில் ஏற்கெனவே கார்டு இருந்தால், சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட மூடிய நிலைகளில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம். அதற்குமேல் வேண்டாம். சூடும் கரண்டும் கூடுதல் என்பதும் உண்டு.

## வழி 4: வாடகை சர்வர்

பதினைந்து இருபது காய் இருக்கும் பெரிய ஸ்டடி, அல்லது போட்டிக்கு அனுப்பும் கடைசி நாள் நெருங்கிவிட்டது என்றால் 32 அல்லது 64 கோர் சர்வரைச் சில மணி நேரத்துக்கு எடுப்பது அறிவான செலவு. நாலு கோர் லேப்டாப்பில் வாரக்கணக்கில் ஆவது இங்கே ஒரு ராத்திரிக்குள் அடங்கலாம்.

கவனிக்கவேண்டியவை இங்கே அதிகம். விளம்பரத்தில் சொல்லும் ஒரு 'கோர்' பெரும்பாலும் அரைக் கோர்தான். சர்வரை நிறுத்திவைத்தாலும் டிஸ்க்குக்கான வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். 150 ஜிபி டேபிள்பேஸை அங்கே விட்டுவைத்தால் மாதாமாதம் பில் வரும், ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கினால் அந்த நேரத்துக்கும் வாடகை. மலிவு வகை சர்வர்களை நிறுவனம் நடுவில் திரும்ப எடுத்துக்கொள்ளும், தேடல் அறுந்துபோகும். கட்டணம் டாலரில் என்றால் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு இடம் கொடுக்கும் கார்டு வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், நிறுத்த மறந்துவிட்டுத் தூங்குவது. எடுத்த உடனே தானாக அணையும் நேரத்தை வைத்துவிடுங்கள்.

வீட்டில் வழி 2ஐச் செய்து சந்தேக நிலைகளின் பட்டியல் கையில் இல்லாதவர் சர்வர் எடுத்தால் காசு கரைந்துபோகும். பட்டியல் இருந்தால் பத்து நிலைகளை ஒரே ராத்திரியில் முடிக்கலாம்.

## சிறப்புக் கருவிகள், சுருக்கமாக

ஒவ்வொரு பக்கமும் ராஜா, சிப்பாய்கள், அதிகபட்சம் இன்னொரே ஒரு காய் என்ற நிலையானால் ஃபைனல்ஜென் என்ற இலவச மென்பொருள் அந்த நிலைக்கென்றே தனி டேபிள்பேஸ் தயாரிக்கும். எட்டும் அதற்கு மேலும் காய்கள் இருக்கும்போது நிரூபணம் கிடைக்கும் அரிய வழி அது. சிப்பாய்கள் கூடக்கூட டிஸ்க்கும் நாளும் மடமடவென்று ஏறும், ஆகவே பூட்டிக்கொண்ட சிப்பாய்கள் இருக்கும் நிலைகளில் தொடங்குங்கள். சிப்பாய் எண்ட்கேம் இயற்றுபவர்கள் சர்வர் யோசிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஃபோன், இணைய டேபிள்பேஸ் | சொந்தக் கம்ப்யூட்டர் | கார்டும் லீலாவும் | வாடகை சர்வர் |
|---|---|---|---|---|
| ஏழு காய்க்குள் | நிரூபணம் | ஆறு வரை நிரூபணம் | தேவையில்லை | தேவையில்லை |
| எட்டும் அதற்கு மேலும் | பலவீனம் | நல்ல அபிப்பிராயம் | இரண்டாம் கருத்து | மிக நல்ல அபிப்பிராயம் |
| இரண்டாவது நகர்வு | ஏழு வரை முழுமை | முழு வசதி | அரைகுறை | முழு வசதி |
| கோட்டை | ஏழு வரை தெளிவு | எண்ணை நம்பக் கூடாது | ஓரளவு உதவும் | எண்ணை நம்பக் கூடாது |
| முதல் செலவு | இல்லை | எஸ்எஸ்டி | கார்டு | இல்லை |
| தொடர் செலவு | டேட்டா | கரண்ட், பராமரிப்பு | கூடுதல் கரண்ட் | மணி வாடகை, டிஸ்க் வாடகை |

## யாருக்கு எது

பள்ளிப் பிள்ளைகள், புதியவர்கள், மினியேச்சர் இயற்றுபவர்கள்: ஃபோன். வேறு எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இடமோ நெட்டோ இல்லாத பிள்ளைகளுக்குக் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற பொதுப் படிப்பு மையங்கள் இருக்கின்றன. டேபிள்பேஸ் பார்க்க அது தாராளம்.

எட்டிலிருந்து பதினைந்து காய், வருஷத்துக்குச் சில ஸ்டடிகள்: பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி சேர்த்து வழி 2. கையில் ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் புதிய பிராசஸருக்கு முன்னால் எஸ்எஸ்டியும் ராமும்.

நாலு பேர் சேர்ந்து இயற்றும் கிளப்: ஆளாளுக்கு லேப்டாப் வாங்குவதைவிட, ஆறு காய் டேபிள்பேஸோடு ஒரு டெஸ்க்டாப்பைக் கிளப்பில் வைத்து முறை போட்டு ஓட்டலாம். ஒருவர் இயற்றியதை இன்னொருவர் சரிபார்ப்பது இன்னும் நல்லது. இயற்றியவருக்குத் தன் தீர்வின் மேல் இருக்கும் பாசம் மற்றவருக்கு இருக்காது.

பெரிய போட்டிக்கு அனுப்புகிறவர்: வழி 2, பிறகு மிச்சமிருக்கும் சந்தேகங்களுக்கு மட்டும் வழி 4.

எந்த வழியானாலும் அனுப்பும் தீர்வோடு ஒரு குறிப்பு இணையுங்கள்: இஞ்சின் பெயரும் பதிப்பும், டேபிள்பேஸ் எத்தனை காய், ஐம்பது நகர்வு விதி அணைத்திருந்ததா, சந்தேகமான ஒவ்வொரு நகர்வையும் எந்த ஆழம் வரை பார்த்தது. பல திரெட்டில் ஓடும் தேடல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு எண்ணைத் தரும். அதே முடிவை அப்படியே மறுபடி காட்ட வேண்டிய ஓரிரு நிலைகளை மட்டும், ஹாஷைக் காலி செய்து, ஒற்றைத் திரெட்டில், நிலைகளின் எண்ணிக்கையைக் குறித்து ஓட்டிவையுங்கள். இந்த யோசனையை வேறொருவர் முன்பே இயற்றிவிட்டாரா என்பதை எந்த இஞ்சினும் சொல்லாது. அதற்கு ஹெரால்ட் வான் டெர் ஹெய்டன் தொகுத்த, தொண்ணூறாயிரத்துக்கு மேல் ஸ்டடிகள் கொண்ட தரவுத்தளத்தில் அதே காய்களையும் அதே கடைசி நிலையையும் தேட வேண்டும். கைவசம் அது இல்லாதவர்கள் அனுப்பும்போதே நடுவரிடம் அந்தத் தேடலைச் செய்யக் கேட்கலாம்.